டோக்கன் உங்கள் கையில் இருக்கட்டும்: மின் டெண்டர் போடும் சப் கான்ட்ராக்டர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்ட்ரிங், கம்பி கட்டு, பூச்சு, எலக்ட்ரிக்கல், பிளம்பிங் என்று ஒரு வேலையை எடுத்துச் செய்பவர்களுக்குத் தொழில் தெரியாததால் டெண்டர் கைநழுவுவது அபூர்வம். ரேட் சரியாக இருக்கும், ஆள்கட்டு இருக்கும், செய்த வேலையும் ஊரில் நிற்கும். ஆனால் கடைசிப் பட்டனை அழுத்தாமல் விட்டதில் டெண்டர் கணக்கிலேயே வராமல் போயிருக்கும். அதைவிட மோசம், சதுர அடிக்கான ரேட்டைச் சதுர மீட்டர் கட்டத்தில் போட்டு, வேலையும் கிடைத்துவிடுவது.

இன்று தமிழ்நாட்டில் ஒரு சப் கான்ட்ராக்டர் ரேட் கொடுப்பது இரண்டு வழிகளில். ஒன்று, மெயின் கான்ட்ராக்டருக்கு மெயிலிலோ அந்த நிறுவனத்தின் வெண்டர் போர்ட்டலிலோ கொட்டேஷன் அனுப்புவது. இன்னொன்று, தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு அரசின் மின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் சிறு வேலைகளுக்கு நேரடியாக டெண்டர் போடுவது. தமிழ்நாடு அரசின் தளமும் மத்திய அரசின் பொதுக் கொள்முதல் தளமும் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. ஒன்றைப் பழகிக்கொண்டால் மற்றதும் வந்துவிடும். மெயின் கான்ட்ராக்டரிடம் கொடுப்பதும் அரசுத் தளத்தில் போடுவதும் மட்டும் வேறு வேறு வழக்கம். முன்னதில் உங்களைக் காப்பாற்றும் பழக்கம் பின்னதில் தள்ளுபடி வாங்கித் தரும். கீழே சொல்வதை அந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

செய்ய வேண்டியவை

ரேட் யோசிப்பதற்கு முன் டெண்டர் ஆவணத்தை முழுதாகப் படியுங்கள். பலரும் அளவுப் பட்டியலை மட்டும் இறக்கி, அதிலேயே ரேட் எழுதத் தொடங்குகிறார்கள். தகுதி நிபந்தனை, அளவெடுக்கும் முறை, பணம் தரும் கெடு, ஒப்பந்தப்புள்ளி எத்தனை நாள் செல்லுபடியாக வேண்டும் என்பதெல்லாம் வேறு பக்கங்களில் இருக்கும். படித்ததும் அந்த டெண்டரைத் தளத்திலேயே உங்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். திருத்த அறிவிப்பு வந்தால் மெயிலும் குறுஞ்செய்தியும் வரும். திருத்தத்தோடு அளவுப் பட்டியலும் புதிதாக ஏற்றப்பட்டிருந்தால் பழைய பட்டியலில் போட்ட ரேட் செல்லாது.

அலகை மாற்றும்போது காகிதத்தில் கணக்குப் போடுங்கள். நிறையப் பேர் விழுவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நம் ஊரில் சென்ட்ரிங் வேலைக்குக் கூலி பேசுவது தளத்தின் சதுர அடிக்கு. பீமின் பக்கமும் அடியும் அந்த ரேட்டிலேயே அடக்கம். அளவுப் பட்டியலோ கான்கிரீட்டைத் தொடும் பலகைப் பரப்பைச் சதுர மீட்டரில் கேட்கும். அளவெடுப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1200 சொல்வதும் அதுதான். ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். உள் அளவு 3 மீட்டருக்கு 4 மீட்டர், சுற்றிலும் 230 மி.மீ. அகலமும் 450 மி.மீ. ஆழமும் உள்ள பீம், தளத்தின் கனம் 125 மி.மீ. தளத்தின் அடிப்பரப்பு 12 சதுர மீட்டர். பீமின் உள்பக்கம் 14 மீட்டர் சுற்றளவுக்கு 0.325 மீட்டர், ஆக 4.55. பீமின் அடி 3.43. வெளிப்பக்கம் 15.84 மீட்டருக்கு 0.45, ஆக 7.13. கூட்டினால் பலகைப் பரப்பு 27.11 சதுர மீட்டர். வெளி அளவில் தளம் 15.43 சதுர மீட்டர்தான், அதாவது 166.1 சதுர அடி.

கணக்குக்காகச் சதுர அடிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு வரவேண்டியது சுமார் 9,966 ரூபாய். அதை 27.11-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 368 ரூபாய். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி என்ற வாய்ப்பாட்டை மட்டும் நம்பி 60-ஐப் பெருக்குகிறவர் 646 ரூபாய் போடுவார், டெண்டர் அவருக்குக் கிடைக்காது. அலகையே கவனிக்காமல் 60 என்று எழுதுகிறவருக்குக் கிடைக்கும், அவர் நிலைமை அதைவிடப் பரிதாபம். பீம் நெருக்கமாக இருக்கும் கட்டடத்தில் இந்த 368 இன்னும் இறங்கும், பீம் குறைவாக இருந்தால் ஏறும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் வரைபடத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். போன டெண்டரின் ரேட்டை அப்படியே இறக்கி வைக்க முடியாது.

பூச்சு வேலையிலும் இப்படி ஒன்று உண்டு. கதவு, ஜன்னல் திறப்பு அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிப்பதில்லை. அரையிலிருந்து 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிப்பார்கள், அங்கே ஜன்னலின் உள்விளிம்புப் பூச்சுக்குத் தனியாகப் பணம் வராது. மெயின் கான்ட்ராக்டர் தன் வழக்கப்படி இரண்டு பக்கமும் கழிப்பவராக இருந்தால், எந்த முறையில் அளவு என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். கம்பி வேலைக்கு எடை, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து வருவது: 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மி.மீ. 0.888 கிலோ. லாப், சேர் கம்பி அளவில் வருமா, கட்டுக் கம்பி யார் பொறுப்பு என்பதை ஆவணத்தில் தேடிப் பார்த்த பிறகே கிலோ ரேட் போடுங்கள்.

மெயின் கான்ட்ராக்டருக்கான கொட்டேஷனில், ரேட்டில் என்ன சேர்ந்திருக்கிறது, என்ன சேரவில்லை என்று இரண்டு பட்டியல் வையுங்கள். தண்ணீர், கரண்ட், சாரம், மேல் மாடிக்குப் பொருள் ஏற்றும் ஹாய்ஸ்ட், க்யூரிங், ஆட்கள் தங்கும் ஷெட், பாதுகாப்பு பெல்ட், வேலை முடிந்ததும் கழிவு அள்ளுவது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். பேசும்போது எல்லோரும் “அதெல்லாம் பாத்துக்கலாம்ணே” என்பார்கள். ரன்னிங் பில் வரும்போது பிடித்தம் செய்பவர் பேசியவராக இருக்கமாட்டார். அவருக்குத் தெரிவது காகிதம் மட்டும்தான். பில் கொடுத்து எத்தனை நாளில் பணம், ரிடென்ஷன் எத்தனை சதவீதம், அது எப்போது திரும்பும் என்பதையும் அதே காகிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

ரேட் எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதுங்கள். மெயின் கான்ட்ராக்டர் தன் டெண்டருக்கு முதல் நாள் உங்களிடம் ரேட் வாங்குவார், வேலை கைக்கு வர மாதங்கள் ஆகும். அதற்குள் காப்பர் ஒயர் விலையும் பி.வி.சி. பைப் விலையும் எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பொருளோடு எடுக்கும் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் ஆட்களுக்கு இந்த ஒரு வரி கட்டாயம்.

வரியைத் தனி வரியில் காட்டுங்கள். கட்டட வேலை ஒப்பந்தத்துக்கு இப்போது பொதுவாக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பத்து லட்சம் என்று எழுதி, வரி உட்பட என்றோ நீங்கலாக என்றோ சொல்லாமல் விட்டால், வாங்குபவர் ‘உட்பட’ என்றுதான் படிப்பார். அப்போது உங்கள் வேலைக்கு மிஞ்சுவது 8,47,458 ரூபாய், மீதி வரி. அரசுத் தளத்தில் அளவுப் பட்டியலிலேயே வரிக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா, இல்லையென்றால் ரேட் வரியோடு சேர்த்ததா என்பது ஆவணத்தில் இருக்கும். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் 2 சதவீதம். அது பிறகு கணக்கில் வந்துவிடும். ஆனால் வேலை நடக்கும்போது கையில் இருக்கும் பணத்தைக் குறைக்கும் என்பதால் நடைமுறை மூலதனத்தைக் கணக்கிடும்போது மறக்காதீர்கள்.

அனுபவச் சான்றை வேலை முடிந்த வாரமே வாங்குங்கள். இது சப் கான்ட்ராக்டர்களின் நிஜமான குறை, நியாயமான குறையும்கூட. இருபது வருடம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய கை, தன் பெயரில் டெண்டர் போடும்போது காட்ட ஒரு தாள் இல்லாமல் நிற்கும். அரசு வேலையில் மெயின் கான்ட்ராக்டர் உள் ஒப்பந்தம் கொடுக்கத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அந்த அனுமதியில் உங்கள் பெயர் இருந்தால் அதன் நகலை வாங்கி வையுங்கள். தனியார் வேலை என்றால் வேலை உத்தரவு, முடிப்புச் சான்று, அந்தத் தொகைக்கான வரிப் பிடித்தச் சான்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறை போன்ற இடங்களில் தனியார் அனுபவத்துக்கு அந்த வரிச் சான்றைக் கேட்பார்கள். ரொக்கமாகவே வாங்கிக்கொண்டிருந்தால் அந்த அனுபவம் உங்களுக்கு இல்லாத அனுபவம்தான்.

டிஜிட்டல் கையொப்பத்தை நேரத்தோடு எடுங்கள். அரசுத் தளங்களுக்குக் கிளாஸ் 3 சான்றிதழ் வேண்டும். பழைய கிளாஸ் 2 சான்றிதழ் கொடுப்பது 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. பெயர், பான் கார்டிலும் தளத்தில் செய்த பதிவிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். இனிஷியல் முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில் என்று இருந்தால் தொல்லை. காலாவதித் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஆவணங்களைக் கறுப்பு வெள்ளையில், 100 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுத்த பெரிய பெரிய படங்களை ஏற்றினால் கடைசி மணி நேரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பான், ஜி.எஸ்.டி., பதிவுச் சான்று போன்ற மாறாத தாள்களைத் தளத்தில் ‘என் ஆவணங்கள்’ பகுதியில் ஒரு முறை ஏற்றி வைத்தால் ஒவ்வொரு டெண்டருக்கும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

முன்வைப்புத் தொகையைக் கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கட்டுங்கள், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து. ஆன்லைனில் கட்டிய தொகை, வேலை கிடைக்காவிட்டால், வந்த கணக்குக்கே திரும்பும். மைத்துனர் கணக்கிலிருந்து கட்டினால் மைத்துனருக்குத்தான் போகும். செலான் எடுத்து நெஃப்ட்டில் அனுப்பினால் தொகை ஒரு ரூபாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தச் செலான் அந்த டெண்டருக்கு மட்டும்தான்.

முந்தின நாளே ஏற்றி, ஃப்ரீஸ் செய்யுங்கள். தொழில்நுட்ப உறையும் விலை உறையும் ஏற்றி முடித்ததும் பலர் எழுந்துவிடுகிறார்கள். ஃப்ரீஸ் பட்டனை அழுத்தி, ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பித்ததாகக் கணக்கு. அந்தச் சீட்டில் எண்ணும் தேதியும் நேரமும் இருக்கும், அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். கெடு முடியும்வரை ஏற்றியதை மாற்றி மறுபடி சமர்ப்பிக்கத் தளத்தில் வசதி இருக்கிறது. ஆகவே முன்கூட்டிப் போட்டால் கை கட்டிப்போய்விடும் என்ற பயம் தேவையில்லை. முன்கூட்டிப் போட்டால் ரேட் வெளியே போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. விலை உறை மறையாக்கம் செய்யப்பட்டே ஏறுகிறது, திறக்கும் அதிகாரிகள் தங்கள் டிஜிட்டல் சாவியோடு உட்கார்ந்தால்தான் திறக்கும். கெடுவுக்குத் தளத்தின் மேலே ஓடும் கடிகாரம்தான் கணக்கு. உங்கள் கைக்கடிகாரம் செல்லாது.

செய்யக்கூடாதவை

டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் டோக்கனையும் அதன் பின் நம்பரையும் கம்ப்யூட்டர் சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தாலுகா ஊர்களில் டெண்டர் போட்டுக்கொடுக்கும் கடைகளில் மேசை டிராயரைத் திறந்தால் பத்துப் பதினைந்து டோக்கன் கிடக்கும், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் பின் நம்பரும் பேனாவால் எழுதியிருக்கும். “அண்ணே, ஓ.டி.பி. வந்துச்சா, சொல்லுங்க” என்று போன் வரும், டோக்கனின் சொந்தக்காரரும் சைட்டில் கம்பி கட்டிக்கொண்டே சொல்லிவிடுவார். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையொப்பம் நீங்கள் பேனாவால் போட்ட கையெழுத்துக்குச் சமம். அதன் சாவியைப் பத்திரமாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைக் கடையில் விட்டுவருவதுபோலத்தான் இது. உதவி வேண்டும் என்றால் கடைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பின் நம்பரை நீங்களே தட்டி, வேலை முடிந்ததும் டோக்கனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கல்லூரி படிக்கும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால் இரண்டு மூன்று டெண்டரில் இதைப் பழகிவிடலாம்.

மெயின் கான்ட்ராக்டர் கேட்டார் என்பதற்காக உங்கள் பெயரில் ‘சப்போர்ட் டெண்டர்’ போடாதீர்கள். மூன்று பேர் போட்டதாகக் காட்ட, கூடுதல் ரேட்டில் ஒப்புக்கு ஒன்று போடச் சொல்வார்கள். மறுத்தால் அடுத்த வேலை வராதோ என்ற பயம் புரிகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இது ஏலக் கூட்டுச் சதி, 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் இதற்கென்று பிரிவு இருக்கிறது. போட்டி ஆணையம் விசாரித்த வழக்குகளில் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து பல ஒப்பந்தப்புள்ளிகள் ஏறியிருப்பது சாட்சியமாக வந்திருக்கிறது. நாலு பேர் டோக்கனும் ஒரே அலுவலகத்தில் கிடந்தால் நாலு பேரும் மாட்டுவார்கள், கருப்புப் பட்டியலில் போவது பெரும்பாலும் சிறியவர்தான்.

அரசுத் தளத்தில் நிபந்தனை எழுதாதீர்கள். மெயின் கான்ட்ராக்டருக்கு அவசியம் என்று மேலே சொன்ன சேர்ந்தவை, சேராதவை பட்டியலை அரசு டெண்டரில் இணைத்தால், நிபந்தனையுள்ள ஒப்பந்தப்புள்ளி என்று ஒதுக்கிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் கேளுங்கள், கூட்டம் இல்லையென்றால் விளக்கம் கேட்பதற்கான கெடுவுக்குள் எழுதுங்கள். பதில் சரிப்படாவிட்டால் அந்த ஆபத்துக்கும் சேர்த்து ரேட் போடுங்கள், இல்லை விலகிவிடுங்கள்.

அளவுப் பட்டியல் கோப்பில் கை வைக்காதீர்கள். பெயரை மாற்றக்கூடாது, வரி சேர்க்கக்கூடாது, பூட்டியிருக்கும் கட்டத்தைத் திறக்க முயலக்கூடாது. நிரப்ப விட்ட வெள்ளைக் கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். போன் செயலிகளில் திறந்து சேமித்தால் உள்ளே இருக்கும் மேக்ரோ சிதையும். கம்ப்யூட்டரில், எக்ஸலில், மேக்ரோவை அனுமதித்துத் திறக்க வேண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். விட்ட அயிட்டத்துக்குப் பணமில்லை, மற்ற ரேட்டில் அடக்கம் என்று எடுத்துக்கொள்வதே பெரும்பாலான துறைகளின் வழக்கம்.

உத்யம் சான்று இருக்கிறது என்று முன்வைப்புத் தொகை கட்டாமல் இருக்காதீர்கள். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை தரும் விலக்கு பொருளுக்கும் சேவைக்கும் உரியது. கட்டட வேலை ஒப்பந்தத்துக்கு அது வராது என்பதே பொதுவான நிலை. டெண்டர் அறிவிப்பில் விலக்கு என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, பணத்தைக் கட்டிவிடுங்கள்.

வாட்ஸப் குரல் பதிவில் ரேட் சொல்லாதீர்கள். கடிதத் தலைப்பில் எழுதி, தேதி போட்டு, பி.டி.எஃப். ஆக்கி, மெயிலில் அனுப்புங்கள். ரேட் மாறினால் பழையதைத் திருத்தாமல், திருத்தம் 1, திருத்தம் 2 என்று எண்ணிட்டுப் புதிதாக அனுப்புங்கள்.

விலை உறை திறந்த பிறகு பின்வாங்கலாம் என்ற நினைப்பில் ரேட் போடாதீர்கள். செல்லுபடிக் காலத்துக்குள் விலகினால் முன்வைப்புத் தொகை பறிபோகும், சில இடங்களில் அடுத்த டெண்டர்களுக்கும் தடை வரும்.

திறந்த பிறகு

முடிவைப் பார்க்காமல் விடுவது பரவலான பழக்கம். யார் யார் போட்டார்கள், தொழில்நுட்ப உறையில் யார் தள்ளுபடி, விலையில் யார் எந்த இடம் என்ற ஒப்பீட்டுப் பட்டியல் தளத்திலேயே கிடைக்கும். அதை இறக்கி உங்கள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் நீங்கள் இரண்டு மூன்று சதவீதத்தில் தோற்றிருந்தால் ஓவர்ஹெட்டில் யோசிக்கலாம். ஒரே ஓர் அயிட்டத்தில் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம் என்றால் அலகை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தள்ளுபடியான காரணம் தவறு என்று தோன்றினால் முணுமுணுத்துவிட்டு விடாதீர்கள். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஏற்கும் அதிகாரியின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். உத்தரவு வந்த மெயில், ஒப்புகைச் சீட்டு, கட்டிய செலான் மூன்றும் அன்றே எடுக்கும்படி ஒரு ஃபைலில் இருக்க வேண்டும்.